ஒரு சின்ன ஊர் 160 கிலோமீட்டர் மலைப்பாதையை எப்படிப் பராமரிக்கிறது?

கேள்வி இதுதான். ஒரு நண்பர் குடும்பத்தோடு அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் மலையேறப் போயிருக்கிறார். பத்து நிமிடம் காரில் போனால் முடிந்துவிடுகிற சின்ன ஊர். ஆனால் காட்டுக்குள் நுழைந்தால் கல் படிகள், ஓடையைத் தாண்ட மரப்பாலம், பாதை பிரிகிற இடமெல்லாம் பெயர்ப்பலகை. டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. "இதையெல்லாம் யார் செய்கிறார்கள்? தன்னார்வலர்கள் என்கிறார்களே, சம்பளம் இல்லாமல் இத்தனை வருஷம் எப்படி ஓடுகிறது? நாமும் போய் வேலை செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

பெரும்பகுதி தன்னார்வலர்கள்தான். ஆனால் பதில் அதோடு முடிவதில்லை. உற்சாகமான நாலு பேர் சேர்ந்து காட்டில் ஒரு பாதை வெட்டுவது எந்த ஊரிலும் நடக்கும். அந்தப் பாதை அவர்களுக்குப் பிறகும் இருக்குமா என்பதுதான் விஷயம். ஆளை நம்பிய பாதைகள் அழிந்துபோய், பிறகு அமைப்பை நம்பிப் பிழைத்துக்கொண்ட ஓர் ஊர் எனக்கு நன்றாகத் தெரியும்: ராண்டால்ஃப். நான் இருப்பது மாசசூசெட்ஸில். கோடையில் நியூ ஹாம்ப்ஷயரின் வொயிட் மலைத்தொடர்ப் பக்கம் பாதை வேலைக்குப் போகிற வழக்கம் உண்டு. அதனால் ராண்டால்ஃபை வைத்தே சொல்கிறேன்.

ராண்டால்ஃப் நியூ ஹாம்ப்ஷயரின் வடபகுதியில், 2-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. மக்கள்தொகை 300 சொச்சம். கடைத்தெரு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தெற்கே தலையைத் தூக்கினால் மாடிசன், ஆடம்ஸ், ஜெபர்சன் என்ற மூன்று சிகரங்கள் சுவர் மாதிரி நிற்கும். ஆடம்ஸ் 1,750 மீட்டருக்கு மேல். அதற்குப் பின்னால்தான் அமெரிக்காவின் வடகிழக்கில் மிக உயரமான வாஷிங்டன் சிகரம். இந்த மூன்று மலைகளின் வடசரிவிலும், ஊருக்கு வடக்கே உள்ள கிரெசன்ட் குன்றுகளிலும் சேர்த்துச் சுமார் 160 கிலோமீட்டர் பாதையையும், மேலே நாலு தங்குமிடங்களையும் 'ராண்டால்ஃப் மவுன்டன் கிளப்' என்ற ஊர்ச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. சங்கம் தொடங்கிய ஆண்டு 1910. ஆனால் பாதைகள் அதைவிடப் பழையவை. கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஊர்க்காரரும் மலை வழிகாட்டியுமான சார்ல்ஸ் லோ, பாஸ்டனிலிருந்து வந்த நோவல் என்பவரோடு சேர்ந்து 1875-76இல் தன் வீட்டு வாசலிலிருந்து ஆடம்ஸ் உச்சி வரை ஒரு பாதை வெட்டினார். 'லோ பாதை' என்ற பெயரிலேயே அது இன்றும் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மேலே போகிற பாதைகளில் அதுதான் மூத்தது. அப்புறம் ஊரில் விடுதிகள் வந்தன, ரயில் வந்தது, நகரத்திலிருந்து கோடை விருந்தாளிகள் மாதக்கணக்கில் வந்து தங்க ஆரம்பித்தார்கள். அவர்களில் சிலருக்குப் பாதை வெட்டுவதே பொழுதுபோக்காகிவிட்டது. யூஜின் குக் என்பவர் சதுரங்கப் புதிர்கள் உருவாக்குவதில் பெயர் பெற்றவர், வயலினும் வாசிப்பார். அவரும் அவர் நண்பர்களும் கோடாரியை எடுத்துக்கொண்டு, எங்கே காட்சி நன்றாக இருக்குமோ அங்கே நேராக ஏறிப் போகிற பாதைகளைப் போட்டார்கள். 1885-இல் முடிந்த 'ஏர் லைன்' அந்த வகை. பெயருக்கேற்ப, மலை முதுகில் கோடு கிழித்ததுபோல் நேரே மேலே போகும்.

இன்னொருவர் ரேனர் எட்மண்ட்ஸ், ஹார்வர்டு வானியல் ஆய்வகத்துக்காரர். அவருக்குச் செங்குத்துப் பாதை பிடிக்காது. ஒரே சீரான சாய்வில் மூச்சு வாங்காமல் நடக்க வேண்டும் என்பார். 1890-களில் தன் கைக்காசைப் போட்டு ஆட்களை அமர்த்தி, கல்லைப் பெயர்த்து ஓரம் கட்டி, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற பாதைகளைப் போட்டார். ராண்டால்ஃப் பாதை அவருடையது. மலை முகட்டில் போகிற கல்ஃப்சைடு பாதையும் அவருடையதுதான். 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் டிரெயில் என்ற நடைபாதை இன்று அந்த முகட்டில் அவர் போட்ட பாதையில்தான் போகிறது. நேரே ஏற வேண்டுமா, சுற்றி ஏற வேண்டுமா என்று அன்றைக்கு இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ரசனையில் யார் பக்கம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் பராமரிக்கிறவனைக் கேட்டால் எட்மண்ட்ஸ் பக்கம்தான் நிற்பான். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இவ்வளவு உழைப்பும் ஏறக்குறைய அழிந்துபோனது. 1900-களின் முதல் பத்தாண்டில் மரக் கம்பெனிகள் அந்தச் சரிவுகளை மொட்டையடித்தன. நிலம் அவர்களுடையது, கேட்க யாருக்கும் உரிமை இல்லை. வெட்டிய கிளையும் குப்பையும் பாதைமேல் மலைபோல் குவிந்தன. மரத்தை இழுக்கப் போட்ட தடங்கள் பாதைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்தன. பாதை போட்டவர்களுக்கு வயதாகியிருந்தது. எட்மண்ட்ஸ் 1910-இல் இறந்துபோனார். அதே ஆண்டில்தான் ஊர்க்காரர்களும் கோடைக்கு வருகிறவர்களும் சேர்ந்து சங்கத்தைத் தொடங்கி, புதைந்த பாதைகளைத் தேடித் திறக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்த மாற்றம். அதுவரை பாதை என்றால் 'குக் போட்டது', 'எட்மண்ட்ஸ் போட்டது'. போட்டவர் வராவிட்டால் பாதையும் இல்லை. 1910-க்குப் பிறகு அது சங்கத்தின் பொறுப்பானது: இந்தப் பாதையை இந்த வருஷம் யார் பார்க்கிறார்கள், எவ்வளவு பணம் இருக்கிறது, எந்தப் பாலம் உளுத்துவிட்டது என்று எழுதிவைத்து வேலை செய்கிற பொறுப்பு. பழையவர்களை அவர்கள் மறக்கவும் இல்லை. 1920-களில் ஓர் ஓடையின் குறுக்கே கல் பாலம் கட்டி, முன்னோடிகளின் நினைவுக்கு அர்ப்பணித்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் நடந்தாலே போதும், பார்க்கலாம்.

சரி, பாதையில் அப்படி என்னதான் வேலை?

வேலையில் பெரும்பகுதி தண்ணீரோடு. புதிதாக வருகிறவர்கள் மரம் விழுவதுதான் பிரச்சினை என்று நினைப்பார்கள். விழுந்த மரத்தை அறுத்துத் தள்ளினால் ஆயிற்று. தண்ணீர் அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான கால்கள் மிதிக்க மிதிக்க மண் இறுகி, பாதை இரண்டு பக்கத்தையும்விடக் கொஞ்சம் பள்ளமாகிறது. மழை பெய்ததும், பனி உருகியதும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்குகிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் வேகம் பிடிக்கிறது. மெல்லிய மண்ணை அரித்துப்போகிறது. வேரும் கல்லும் வெளியே துருத்துகின்றன. நடக்கிறவர்களுக்கு அந்தக் கல்லில் கால் வைக்கக் கஷ்டம், அதனால் ஓரமாக நடக்கிறார்கள். ஓரத்துச் செடி சாகிறது, அங்கேயும் மண் இறுகுகிறது, அதிலும் தண்ணீர் இறங்குகிறது. நாலடி அகலப் பாதை சில வருஷத்தில் பன்னிரண்டு அடி அகல ஓடையாகிவிடும். அந்த மலைகளில் மண் மெல்லிய போர்வைதான். போனால் திரும்பி வராது.

அதனால்தான் பாதையை எங்கே போடுகிறோம் என்பதிலேயே பாதிப் பராமரிப்பு அடங்கியிருக்கிறது. இன்று புதிதாகப் போடுகிறவர்கள் சில விதிகளை வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் போகக் கூடாது. சராசரியாகப் பத்து சதவீத ஏற்றத்துக்குள் இருந்தால் நல்லது. பாதையின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்து போய்விடும். ஏறிக்கொண்டே போகும்போது அங்கங்கே கொஞ்சம் இறங்கி மறுபடி ஏற விட்டால், அந்த இறக்கத்தில் தண்ணீர் தானே வெளியேறும். எட்மண்ட்ஸ் போட்ட பாதைகள் இந்த வழியில் போகின்றன, அதனால் தாங்குகின்றன. குக் காலத்து நேர்ப்பாதைகள் தண்ணீர் இறங்குகிற அதே கோட்டில் ஏறுகின்றன. அவற்றைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றுவது முடிவே இல்லாத வேலை.

முடிவே இல்லாத அந்த வேலையில் முக்கியமானது 'வாட்டர் பார்' என்கிற தடுப்பு. பாதையின் குறுக்கே, சாய்வாக, ஒரு வரிசைக் கல்லையோ மரக்கட்டையையோ மண்ணில் புதைத்து வைப்பார்கள். மேலிருந்து வருகிற தண்ணீர் அதில் முட்டி ஓரத்துக்குத் திரும்பி, அங்கே வெட்டியிருக்கிற வாய்க்கால் வழியாகக் காட்டுக்குள் போய்விடும். நம் வயல் மடையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். நேராகக் குறுக்கே வைத்தால் தண்ணீர் தேங்கி மேலே வழியும். ரொம்பச் சாய்த்தால் அடியை அரிக்கும். ஏறக்குறைய 45 டிகிரி. கல் கிடைத்தால் கல்தான் நல்லது. ஈரத்தில் மரக்கட்டை உளுத்துவிடும், மேலே கால் வைத்தால் வழுக்கவும் செய்யும்.

ஆனால் எவ்வளவு நன்றாக வைத்தாலும் அது தானாக வேலை செய்யாது. இலையும் மண்ணும் வந்து வாய்க்காலை அடைத்துவிடும். வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை ஆள் போய் வாரிவிட வேண்டும். மட்கிய இலையைக் கொத்தி இழுத்து, வாய்க்காலை ஒரு மண்வெட்டி அகலத்துக்குத் திறந்து, சரிவின் கீழ்ப்பக்கம் தண்ணீர் நிற்காமல் போகிறதா என்று பார்த்து, வாரிய மண்ணை மேட்டுப் பக்கம் போடாமல் கீழ்ப்பக்கம் கொட்ட வேண்டும். மேட்டில் போட்டால் அடுத்த மழையில் அதே மண் திரும்ப வந்து அடைக்கும். ஒன்றை முடிக்கச் சில நிமிடம்தான். ஒரு செங்குத்துப் பாதையில் இப்படி எத்தனையோ இருக்கும். அலுப்பான வேலை, போட்டோ எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு சங்கம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் நான் முதலில் பார்ப்பது இந்த வாய்க்கால்களைத்தான். புதுப் பலகையும் புதுப் பாலமும் ஒரு தடவை நன்கொடை வந்தால் வைத்துவிடலாம். வாய்க்கால் சுத்தமாக இருக்க ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

நீங்கள் பார்த்த கல் படி எப்படி வைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வேலையை ஒரு தடவை செய்தவர்கள் அப்புறம் எந்தப் படியையும் யோசிக்காமல் மிதிக்க மாட்டார்கள். முதலில் கல் தேட வேண்டும், அதுவும் பாதைக்கு மேட்டுப் பக்கத்தில். கீழேயிருந்து மேலே தூக்குவது முடியாத காரியம். நூறு, இருநூறு கிலோ கல்லைத் தூக்குவதில்லை, கடப்பாரையால் நெம்பிப் புரட்டிக்கொண்டே வருவார்கள். நாலு பேர், நாலு கடப்பாரை, ஒருவர் மட்டும் குரல் கொடுப்பார், மற்றவர்கள் அவர் சொல்லுக்கு மட்டும் அசைவார்கள். கல்லுக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கல்லின் எந்த முகம் மேலே வர வேண்டும் என்று பார்த்துவிட்டு, அதன் அடிப்பக்கத்துக்கு ஏற்ற வடிவில் குழி தோண்டுவார்கள். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும். வெளியே தெரிவது கொஞ்சம்தான். கல்லை இறக்கிவிட்டு ஒருவர் மேலே ஏறி நாலு மூலையிலும் குதிப்பார். கொஞ்சம் ஆடினாலும் மறுபடி எடுத்து, அடியில் சின்னச் சின்னக் கல்லைச் செருகி, மறுபடி இறக்க வேண்டும். மண்ணைப் போட்டு அமுக்கிச் சமாளிக்க விடமாட்டார்கள். மண் கரைந்துபோகும், கல்லோடு கல் பிடித்தால்தான் நிற்கும். கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு படியும் முந்தைய படியின் பின்பக்கத்தில் கொஞ்சம் ஏறி உட்காரும்படி மேலே போவார்கள். ஒரு குழு ஒரு நாள் முழுக்க உழைத்து மூன்று, நாலு படி வைத்தால் நல்ல நாள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. படி வைத்த பிறகும் சிலர் படியில் ஏறாமல் ஓரத்து மண்ணில் ஏறுவார்கள். முட்டி வலிக்கு அது இதமாக இருக்கும். பலகை வைத்து 'இங்கே நடக்காதே' என்று எழுத மாட்டார்கள். படியின் இரண்டு ஓரத்திலும் கூரான, கோணல்மாணலான கற்களைப் பாதி புதைத்துவைப்பார்கள். ஏதோ காட்டில் தானே கிடப்பதுபோல் இருக்கும். கால் தானாகப் படிக்குப் போய்விடும். நடக்கிறவருக்கே தெரியாமல் அவரை நல்ல வழியில் நடத்துகிற வேலை அது. உங்கள் குடும்பமும் அப்படித்தான் நடந்திருக்கும்.

கிளை வெட்டுவது எளிமையான வேலை, புதியவர்களுக்கு ஏற்றது. ஆனால் அதற்கும் முறை உண்டு. குளிர்காலத்தில் மனிதர்கள் ஓராள் உயரப் பனிமேல் நடப்பார்கள் என்பதால், கோடையில் நம் தலைக்கு மேலே கைக்கு எட்டாத கிளையையும் வெட்ட வேண்டும். தண்டை ஒட்டி வெட்ட வேண்டும். குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் யாருடைய கண்ணிலாவது, பையிலாவது மாட்டும். வெட்டிய கிளையை வெட்டுவாய் பாதையிலிருந்து தெரியாதபடி காட்டுப் பக்கம் திருப்பிப் போட வேண்டும்.

மரங்கள் முடிந்து மொட்டைப் பாறை தொடங்கும் உயரத்துக்குப் போய்விட்டால் வேலையே வேறு. அங்கே டயபென்சியா போன்ற செடிகள் பாறையிடுக்கில் மெத்தைமாதிரி ஒட்டிக்கிடக்கும். வளர்வது மிக மிக மெதுவாக. ஆயிரம் புயலைத் தாங்கும், ஒரு பூட்ஸ் காலைத் தாங்காது. மேகம் இறங்கினால் பத்தடி தூரம் தெரியாத இடம் என்பதால், கல்லை அடுக்கிக் கூம்பு கட்டி வழி காட்டுவார்கள். அந்தக் கூம்பு இடிந்திருந்தால் மனிதர் வழி தவறுவார், செடியும் மிதிபடும். பக்கத்து ஃபிராங்கோனியா முகட்டில் கை வாட்டர்மன், லாரா வாட்டர்மன் என்ற தம்பதி 1980-இலிருந்து ஏறக்குறைய இருபது வருஷம் அந்தப் பாதையைத் தங்கள் பொறுப்பில் எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். பாதை ஓரங்களில் கல்வரிசை வைத்து, செடி மறுபடி பிடிக்க இடம் விட்டார்கள். ஒரு பாதைக்கு ஒருவர் பெயர் கொடுத்துப் பொறுப்பேற்கிற இந்த முறை இப்போது நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் பரவலாக இருக்கிறது. எனக்கு மிகவும் உகந்த முறை. தன் பாதை என்று வந்துவிட்டால் மனிதர் மழை பெய்த மறுநாளே போய்ப் பார்ப்பார்.

இனி நிலம். தனியார் நிலத்தில் பாதை எப்படிப் போக முடிகிறது என்று பலர் கேட்பதுண்டு. சரிவின் மேற்பகுதி இன்று வொயிட் மலை தேசிய வனம். மரம் வெட்டிய அந்தக் கொடுமையைப் பார்த்த மக்களின் குரலும் சேர்ந்துதான் 1911-இல் வீக்ஸ் சட்டம் வந்தது. அதைக் கொண்டு மத்திய அரசு தனியாரிடமிருந்து காடுகளை விலைக்கு வாங்கியது. இந்தத் தேசிய வனம் 1918-இல் அமைந்தது. அங்கே வேலை செய்ய வனத்துறையோடு ஒப்பந்தம் வேண்டும். மோட்டார் ரம்பம் பிடிக்கத் தனிச் சான்றிதழ் வேண்டும். வேலையில் அடிபட்டால் அரசு ஊழியருக்குக் கிடைக்கிற காப்பீடு தன்னார்வலருக்கும் கிடைக்கும்படி 1972-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தச் சட்டம் எவ்வளவு முக்கியம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கல் உருட்டுகிற வேலைக்குக் காப்பீடு இல்லாமல் ஆளைக் கூப்பிட எந்தச் சங்கத்துக்கும் துணிவு வராது.

ஊரை ஒட்டிய தனியார் நிலத்தில் வேறு ஏற்பாடு. காசு வாங்காமல் பொதுமக்களை நடக்க விடுகிற நிலக்காரர்மேல், யாராவது தடுக்கி விழுந்தால் வழக்குப் போட்டு ஜெயிப்பது நியூ ஹாம்ப்ஷயர் சட்டப்படி மிகவும் கடினம். வனமாகவோ விளைநிலமாகவோ வைத்திருக்கிற நிலத்துக்கு வரிச்சலுகை உண்டு. பொதுமக்கள் நடக்கவும் பனிச்சறுக்கவும் வேட்டையாடவும் திறந்துவிட்டால் வரிக்காகக் கணக்கிடுகிற மதிப்பில் இன்னும் 20 சதவீதம் குறைகிறது. இப்படி நிலக்காரருக்குப் பயத்தைக் குறைத்து, லாபத்தைக் கொஞ்சம் காட்டினால்தான் பாதை நிலைக்கும். நல்ல மனசை மட்டும் நம்பினால், நிலம் கைமாறிய அன்றே வேலி வந்துவிடும். ராண்டால்ஃப்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். ஊருக்கு வடக்கே இருந்த பெரிய மரக்காடு விற்பனைக்கு வரும் நிலை வந்தபோது, அரசு உதவியும் நன்கொடையும் திரட்டி 2001-இல் ஊரே அதை வாங்கிவிட்டது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல். முந்நூறு பேர் உள்ள ஊருக்கு! நூறு வருஷத்துக்கு முன் மொட்டையடிக்கப்பட்டதைப் பார்த்த ஊர் என்பது நினைவிருந்தால் இது ஆச்சரியமாக இருக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது? உறுப்பினர் சந்தா, நன்கொடை, மேலே உள்ள தங்குமிடங்களில் இரவு தங்குகிறவர்கள் தருகிற சிறு கட்டணம், அப்புறம் மானியங்கள். மத்திய அரசின் பாதை மானியம் ஒன்று இருக்கிறது. சாலைக்கு வெளியே ஓடுகிற பொழுதுபோக்கு வண்டிகளின் எரிபொருள் வரியிலிருந்து வரும் பணம். பொதுவாகச் செலவில் 80 சதவீதம் அவர்கள் தருவார்கள், 20 சதவீதம் சங்கம் போட வேண்டும். அந்த 20-ஐ ரொக்கமாகத்தான் போட வேண்டும் என்றில்லை. தன்னார்வலர்கள் வேலை செய்த மணிக்கணக்கை மதிப்பிட்டுக் காட்டலாம். அதனால்தான் வேலை முடிந்து களைத்துக் காருக்கு வரும்போது ஒருவர் காகிதத்தை நீட்டி, எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனைக்கு முடித்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார். சிலர் "சேவை செய்ய வந்தேன், கணக்கு எதற்கு" என்று எழுதாமல் போய்விடுவார்கள். தயவுசெய்து எழுதுங்கள். அது பணம்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 'எல்லாமே தன்னார்வலர்' என்பது முழு உண்மை அல்ல. கோடையில் ராண்டால்ஃப் சங்கம் இளைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, காட்டிலேயே தங்கவைத்துக் கல் படி, பாலம் போன்ற கடினமான வேலைகளைச் செய்விக்கிறது. மேலே உள்ள கேபின்களுக்கும் சம்பளப் பராமரிப்பாளர்கள் உண்டு. திட்டம் போடுவது, பணம் திரட்டுவது, கணக்கு பார்ப்பது, நிலக்காரர்களிடம் பேசுவது, வார இறுதிகளில் கை கொடுப்பது எல்லாம் தன்னார்வலர்கள். இந்தக் கலப்புதான் சரி என்பது என் கருத்து. சம்பளக் குழு மட்டும் இருந்தால் பாதை வனத்துறையுடையது போலாகிவிடும், ஊருக்கு அதில் ஒட்டுதல் இருக்காது. தன்னார்வலர்கள் மட்டும் என்றால், வார இறுதிக்குள் முடியாத வேலைகள் வருஷக்கணக்கில் தள்ளிப்போகும். 1938 செப்டம்பரில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல் போல ஒன்று வந்து, ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் பாதைமேல் கிடந்தால், அதை அன்பினால் மட்டும் அறுத்துத் தள்ள முடியாது.

அப்படியானால் தன்னார்வலர்கள் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள்? கடமையுணர்ச்சி என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் நான் பார்த்த அளவில் முதல் காரணம் சேர்ந்து பழகுகிற சந்தோஷம். ராண்டால்ஃபில் கோடைக்கு வரும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. ஆகஸ்ட்டில் சங்கத்தின் பிக்னிக் நடக்கும். வாயைத் திறக்காமல் நடித்துக் காட்டி சொல்லைக் கண்டுபிடிக்க வைக்கிற விளையாட்டு அதில் ஒரு மரபு. பாட்டி வெட்டிய பாதையில் பேத்தி கிளை வெட்டுகிறாள். ஒரு சங்கத்தில் சாப்பாடும் சிரிப்பும் இல்லாமல் வேலை மட்டும் இருந்தால் மூன்றாம் வருஷம் தலைவரும் செயலாளரும் மட்டும்தான் மிச்சமிருப்பார்கள். செக் நாட்டில் 1888-இல் தொடங்கிய நடைப்பயணச் சங்கத்தின் தன்னார்வலர்கள் இன்றும் நாடு முழுக்க மரங்களில் வண்ணக்கோடு தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயும் சங்கம் என்பது முதலில் சேர்ந்து நடக்கிற கூட்டம், அப்புறம்தான் வண்ண டப்பா.

நீங்கள் சேரலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. முன் அனுபவம் யாரும் கேட்க மாட்டார்கள். ஜூன் மாத முதல் சனிக்கிழமை அமெரிக்கா முழுக்கத் 'தேசியப் பாதைகள் தினம்'. அன்றைக்குப் பெரும்பாலான சங்கங்கள் புதியவர்களை அழைத்து வேலை வைத்திருப்பார்கள். அதுதான் ஆரம்பிக்க எளிய நாள். விசா பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பதிவு செய்த லாப நோக்கமற்ற சங்கத்தில், யாருக்கும் சம்பளம் தராத பொதுச் சேவையாகச் செய்வது பொதுவாகப் பிரச்சினை இல்லை என்றாலும், உங்கள் நிலைமைக்கு ஏற்பக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முழங்கால் வரை ஏறுகிற பூட்ஸ் தேவையில்லை, ஆனால் ஷூ கட்டாயம். செருப்போடு வந்தால் கருவி தரமாட்டார்கள். முழுக்கால் சட்டை, தோல் கையுறை, நினைப்பதைவிட இரண்டு மடங்கு தண்ணீர். மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க அந்தக் காடுகளில் கருப்பு ஈ கடிக்கும். காதுக்குப் பின்னாலும் தலைமுடி ஓரத்திலும் கடித்து ரத்தம் வரவைக்கும். தலையை மூடுகிற வலைத்தொப்பி மலிவாகக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். கருவியை எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கக் கையில் பிடித்து நடக்கச் சொல்வார்கள், தோளில் போடக் கூடாது. வழுக்கினால் கருவியைப் பள்ளத்துப் பக்கம் எறிந்துவிட்டு விழலாம். அடுத்தவரோடு பத்தடி இடைவெளி.

முதல் நாள் உங்களுக்கு வாய்க்கால் வாருகிற வேலைதான் கிடைக்கும். கல் படி கேட்டு அவசரப்படாதீர்கள். மழை நாளில் அந்த வேலை கிடைத்தால் இன்னும் நல்லது: அடைப்பை எடுத்ததும் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கே வாட்டர் பார் வைக்க வேண்டும், பாதை எங்கே தப்பாகப் போகிறது என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் பாதி புரிந்துவிடும். மீதியைக் குழுத் தலைவரிடம் கேளுங்கள். அவர்களுக்கு இதைப் பற்றிப் பேச அலுப்பதே இல்லை.